எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது... எடை எங்கே?

டீக்கடை கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னப் பெட்டியை உங்களுக்குத் தெரியும். நாம் போனில் பணம் போட்டதும், ‘இருபது ரூபாய் பெறப்பட்டது’ என்று ஒரு குரல் சொல்லும். அது சொன்னால்தான் கடைக்காரர் தலையாட்டுவார். சில நேரம் நம் போனில் பச்சை டிக் விழுந்திருக்கும். பெட்டி வாயே திறக்காது. ‘போயிருச்சுங்க’ என்று நாம் போனைக் காட்டுவோம். ‘பெட்டி சொல்லலைங்களே’ என்று அவர் பெட்டியைக் காட்டுவார். பின்னால் வரிசை நீளும். அந்த இடத்தில் யாரும் பொய் சொல்வதில்லை. ஆனாலும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொள்வோம்.

பணம் கை மாறுவது ஒரு வேலை. மாறிவிட்டது என்று சொல்வது இன்னொரு வேலை. இரண்டையும் செய்வது வேறு வேறு கம்ப்யூட்டர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடைவெளியைப் பார்த்துக்கொள்வதுதான் பன்னிரண்டு வருடமாக என் பிழைப்பு. கோவையில் மென்பொருள் வேலையில் இருந்தவள், லாக்டவுனில் ஊருக்கு வந்தேன். கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்படியே வீட்டிலிருந்தே வேலை என்று ஆகிவிட்டது. மழைக்காலத்தில் கம்பியில் மரம் விழுந்து கரன்ட் போனால் அன்றைக்கு மீட்டிங்கும் போச்சு.

‘கம்ப்யூட்டர்ல என்னதான் கண்ணு வேலை?’ என்று கேட்பவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் கொழுந்துக் கணக்கு வந்த பிறகு தெரிந்தது.

நீலகிரியில் பச்சைத் தேயிலை விற்பவர்களில் பெரும்பாலானவர்கள் எங்களைப் போல ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்கள்தான். கொழுந்தைப் பறித்து, சாக்கில் கட்டி, ரோட்டோரம் இருக்கும் லீஃப் ஷெட்டுக்குக் கொண்டுபோவோம். அங்கே எடை போட்டு எழுதிக்கொள்வார்கள். லாரி வந்து ஃபேக்டரிக்கு எடுத்துப் போகும். மாதம் முடிந்த பிறகு விலை முடிவாகி, கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கில் பணம் விழும். காலையில் பறித்த இலைக்கு என்ன விலை என்பது பறித்தவருக்கு அன்றைக்குத் தெரியாது. அவர் கையில் இருப்பது எடை மட்டும்தான். அந்த எடையும் ஒரு தாளில் இருக்கும் எண். இப்போது, போனில் இருக்கும் எண்.

பெரியம்மா இலை கொடுப்பது ஒரு தனியார் ஃபேக்டரிக்கு. பெயர் வேண்டாம், அவர்களும் இதே ஊரில்தான் பிழைக்கிறார்கள். பில் புத்தகத்தை நிறுத்திவிட்டு அங்கே ஒரு ஆப் கொண்டுவந்தார்கள். ஷெட்டில் இருக்கும் தம்பி எடையைத் தட்டினால், அடுத்த நொடி நம் போனில் ‘இன்று உங்கள் இலை 38 கிலோ பெறப்பட்டது’ என்று எஸ்.எம்.எஸ். வரும். ஊரே அதை வியந்து பேசியது. ஷெட்டில் எழுதிய தாள் மழையில் நனைந்து மை ஊறிப்போகும் தொல்லை இனி இல்லை என்று அப்பாவுக்கும் சந்தோஷம்.

மாதக் கடைசியில் பெரியம்மாவின் கணக்கில் மூன்று நாள் இலை இல்லை. 38 கிலோ, 41 கிலோ, 29 கிலோ. மொத்தம் 108 கிலோ. அந்த மாத விலைக்குக் கிட்டத்தட்ட இரண்டாயிரம் ரூபாய். பேரனுக்கு நோட்டுப் புத்தகம் வாங்குவதற்கென்று அந்தப் பணத்தைத்தான் அவர் மனதில் ஒதுக்கி வைத்திருந்தார்.

ஃபேக்டரி ஆபீஸுக்குப் போய்க் கேட்டிருக்கிறார். ‘கம்ப்யூட்டர்ல இல்லீங்களே’ என்றார்களாம். இவர் போனைக் காட்டியிருக்கிறார். ‘மெசேஜ் வந்திருக்கு, ஆனா கணக்குல ஏறலை. ஒருவேளை போட்டுட்டுத் திரும்ப எடுத்துட்டுப் போயிட்டீங்களோ?’ என்று அங்கிருந்தவர் கேட்டாராம்.

‘நாப்பது வருசமா எல போடறேன் கண்ணு. எடுத்துட்டுப் போயிட்டீங்களான்னு கேக்கறான்’ என்று என்னிடம் சொன்னபோது பெரியம்மாவுக்கு இரண்டாயிரம் ரூபாய் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிந்தது.

இரண்டு நாளில் தெரிந்துவிட்டது, அவர் ஒருவர் மட்டும் இல்லை. எங்கள் பக்கத்து மூன்று ஷெட்டிலும் இப்படி ஆட்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் எஸ்.எம்.எஸ். வந்திருந்தது. யாருக்கும் கணக்கில் எடை இல்லை. அப்பாவை அங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால், ‘உங்க பொண்ணு கொஞ்சம் வந்து பாக்கட்டும்’ என்று ஃபேக்டரியிலிருந்தே சொல்லி அனுப்பினார்கள். ஆப் எழுதியவர்கள் கோவையில் மூன்று இளைஞர்கள். நல்ல பிள்ளைகள். எழுதியதை அப்படியே திறந்து காட்டினார்கள்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். கணக்கு எழுதும் மென்பொருளுக்கு ‘டிரான்சாக்ஷன்’ என்று ஒரு வசதி உண்டு. நான்கு வேலையை ஒரு கட்டாகக் கட்டி, நடந்தால் நான்கும் நடக்க வேண்டும், நடுவில் ஒன்று தவறினால் நான்குமே நடக்காதது போல அழிந்துவிட வேண்டும் என்று சொல்லிவிடலாம். உங்கள் கணக்கில் ஆயிரம் கழித்து என் கணக்கில் ஆயிரம் கூட்டும்போது, கழித்தது மட்டும் நடந்து கூட்டியது நடக்காமல் போகக் கூடாதல்லவா? அதற்குத்தான். கட்டின் கடைசியில் ‘கமிட்’ என்று ஒரு சொல். அது நம் ஊர் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுவது மாதிரி. அதற்கு முன்னால் எவ்வளவு பேசியிருந்தாலும் பேச்சு பேச்சுதான். தட்டு மாறிவிட்டால் முடிந்தது. மாறவில்லையா, பேசியதெல்லாம் இல்லை என்று எழுந்து போய்விடலாம்.

அந்த ஆப்பில் கட்டு இப்படி இருந்தது. முதலில் பெரியம்மா பெயரில் 38 கிலோ எழுது. அடுத்து, எஸ்.எம்.எஸ். அனுப்பு. அடுத்து, ஃபேக்டரியின் ‘இன்றைய மொத்த எடை’யில் 38 கூட்டு. அடுத்து, லாரிக் கணக்கு பார்க்கும் மென்பொருளுக்குத் தகவல் சொல்லிப் பதில் வாங்கு. எல்லாம் முடிந்ததா? கமிட்.

கவனித்தீர்களா? தட்டு மாற்றுவதற்கு முன்னாலேயே பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது.

சாதாரண நாளில் இதில் ஒரு தொல்லையும் வராது. எல்லாம் அரை நொடியில் முடிந்துவிடும். ஆனால் மே, ஜூனில் கொழுந்து கொட்டும். சாயங்காலம் நாலு மணிக்கு எல்லா ஷெட்டிலும் ஒரே நேரத்தில் சாக்குகள் அடுக்கியிருக்கும். ‘இன்றைய மொத்தம்’ என்பது ஒரே ஒரு வரி. ஒருவர் அதில் எழுதிக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், ஒரே பேனாவுக்குப் பத்துப் பேர் நிற்பது போல. பேனாவைப் பிடித்திருப்பவரோ லாரி மென்பொருளின் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். அது அன்றைக்கு மெதுவாகப் பேசுகிறது. வரிசையில் நிற்பவர் குறிப்பிட்ட நேரம்வரை பார்த்துவிட்டு, ‘முடியவில்லை’ என்று விலகிவிடுவார். விலகினால் அவருடைய கட்டு முழுவதும் அழிந்துவிடும். பெரியம்மாவின் 38 கிலோவும் சேர்ந்து அழிந்தது. எஸ்.எம்.எஸ். மட்டும் அழியவில்லை. அது ஏற்கெனவே கோபுரம் தாண்டி, பெரியம்மாவின் இடுப்புச் சுருக்குப் பையில் ‘டிங்’ என்று ஒலித்துவிட்டது. கம்ப்யூட்டர் தன் கணக்கை அழித்துக்கொள்ளும். அடுத்தவர் போனுக்குப் போனதைத் திரும்ப வாங்க முடியாது.

இதில் என் மனதைத் தைத்தது வேறொன்று. ஷெட்டில் இருந்த தம்பியின் திரையில், ‘பதிவாகவில்லை, மீண்டும் முயலவும்’ என்று சிவப்பாக வந்திருக்கிறது. ஆனால் எதிரில் நிற்பவரின் போனில் எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது. ‘வந்துருச்சுங்க தம்பி’ என்று அவர் சொல்ல, பின்னால் இருபது பேர் நிற்க, அவன் சிவப்பை மூடிவிட்டு அடுத்த சாக்கை எடுத்திருக்கிறான். கணக்கு தவறிவிட்டது என்று சொன்ன ஒரே எச்சரிக்கையை, கணக்கு ஏறிவிட்டது என்று சொன்ன எஸ்.எம்.எஸ். மறைத்துவிட்டது. அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு காலத்தில் இந்தத் தொல்லை குறைவாக இருந்தது. எல்லாம் ஒரே பெரிய மென்பொருளாக, ஒரே கணக்குப் புத்தகத்தோடு இருக்கும். கூட்டுக்குடும்பம் மாதிரி. ஒரே அடுப்பு, யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று அடுப்படியில் இருப்பவருக்குத் தெரியும். அது வளர்ந்து பெரிதாகிச் சமாளிக்க முடியாமல் போனதால் தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்கள். எடைக்கு ஒரு மென்பொருள், லாரிக்கு ஒன்று, பணப் பட்டுவாடாவுக்கு ஒன்று, எஸ்.எம்.எஸ்.ஸுக்கு வெளியார் ஒருவர். ஒவ்வொருவருக்கும் தனிப் புத்தகம். வசதிதான். ஆனால் ஒரு வீட்டில் நடந்ததை இன்னொரு வீட்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்ற கவலை அதிலிருந்து பிறந்தது.

கோவைப் பிள்ளைகள் உடனே ஒரு திருத்தம் செய்தார்கள். ‘தட்டு மாற்றிய பிறகு பத்திரிகை கொடுக்கிறோம்’ என்றார்கள். அதாவது, முதலில் கமிட், பிறகு எஸ்.எம்.எஸ்.; பிறகு லாரிக்குத் தகவல். கேட்டால் சரியாகத்தான் தெரியும். மூன்று வாரம் ஓடியது.

பிறகு ஒரு நாள், எஸ்.எம்.எஸ். அனுப்பித் தரும் கம்பெனியின் பக்கம் இருபது நிமிடம் ஏதோ கோளாறு. அந்த இருபது நிமிடத்தில் போட்ட எடையெல்லாம் கணக்கில் ஒழுங்காக ஏறிவிட்டது. எஸ்.எம்.எஸ். ஒருவருக்கும் போகவில்லை. ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு மென்பொருள் மறந்துவிட்டது. அனுப்ப வேண்டியது பாக்கி இருக்கிறது என்று அது எங்கேயும் எழுதி வைக்கவில்லை. முந்தைய மாதம் அடிபட்டவர்கள் சும்மா விடுவார்களா? ‘மெசேஜ் வரலை, திரும்ப எடை போடு’ என்று நின்றிருக்கிறார்கள். அதே சாக்கு இரண்டாம் முறை கணக்கில் ஏறியது. இந்த முறை நஷ்டம் ஃபேக்டரிக்கு.

அதைவிட மோசம், ஒரு ஷெட்டைப் பற்றிய தகவல் லாரி மென்பொருளுக்குப் போகாததால் லாரி அங்கே போகவில்லை. தேயிலை தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. சாக்கில் அமுக்கி வைத்த பச்சைக் கொழுந்து இரவெல்லாம் கிடந்தால் உள்ளுக்குள் சூடேறிச் சிவந்துவிடும். காலையில் கையை விட்டுப் பார்த்தால் வெந்த கீரை மாதிரி இருக்கும். அது எதற்கும் ஆகாது.

முன்னால் சொன்னாலும் தப்பு, பின்னால் சொன்னாலும் தப்பு என்றால் என்னதான் செய்வது?

இந்தக் கேள்விக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1975-ல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்ற மூவர் ஒரு ஆய்வுக் கட்டுரையில் இந்தச் சிக்கலை எழுதினார்கள். 1978-ல் ஜிம் கிரே என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் அறிஞர் அதற்கு ‘இரண்டு தளபதிகள்’ என்று பெயர் வைத்தார். கதை மலைக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். எதிரெதிர் மலையில் இரண்டு தளபதிகள். நடுப் பள்ளத்தாக்கில் எதிரி. இருவரும் ஒரே நேரத்தில் இறங்கினால்தான் வெற்றி. ஒருவர் மட்டும் இறங்கினால் அழிவு. முதல் தளபதி, ‘விடியற்காலை ஐந்து மணி’ என்று ஆள் அனுப்புகிறார். ஆள் பள்ளத்தாக்கைக் கடந்தானா, பிடிபட்டானா என்று அவருக்குத் தெரியாது. கடந்தான் என்றே வைப்போம். ‘சரி’ என்று பதில் கொண்டுவரும் ஆள் பிடிபடலாம். அந்தப் பதில் கிடைத்தது என்று சொல்லப் போகிறவனும் பிடிபடலாம். எத்தனை பேரை அனுப்பினாலும் கடைசி ஆள் போய்ச் சேர்ந்தானா என்று அனுப்பியவருக்கு உறுதியாகத் தெரியாது. இதற்கு முழுத் தீர்வு இல்லை என்பதற்குக் கணக்குப் போட்டு நிரூபணமே இருக்கிறது. கோத்தகிரியில் மூடுபனி இறங்கிய நாளில் எதிர் மேட்டுக்காரரிடம் கை காட்டிப் பேசியவர்களுக்கு நிரூபணம் தேவையில்லை.

ஜிம் கிரேயைப் பற்றி இன்னொரு விஷயம். இன்று நாம் நம்பியிருக்கும் வங்கிக் கணக்கு முறைக்கெல்லாம் அடித்தளமான டிரான்சாக்ஷன் வேலைக்காக, 1998-க்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. 2007 ஜனவரியில், இறந்த அம்மாவின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து தன் படகில் தனியாகப் போனார். திரும்பவில்லை. அபாயத் தகவல் எதுவும் வரவில்லை. அவருடைய நண்பர்கள் செயற்கைக்கோள் படங்களை வாங்கி, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களிடம் பகிர்ந்து தேடச் செய்தார்கள். படகின் ஒரு துண்டும் கிடைக்கவில்லை. போய்ச் சேராத செய்திகளைப் பற்றி இவ்வளவு யோசித்த மனிதர். இதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

சரி, நம் ஷெட்டுக்கு வருவோம். விடை எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. அப்பா பழைய லீஃப் பில் புத்தகங்களை வீசவே மாட்டார். நீங்களும் பார்த்திருப்பீர்கள்: வெள்ளைத் தாள் ஒன்று, அடியில் நீல கார்பன், அதற்கடியில் மஞ்சளோ சிவப்போ ஒரு மெல்லிய தாள். மூலையில் வரிசை எண். ஷெட்காரர் அழுத்தி எழுதினால் ஒரே எழுத்தில் இரண்டு தாளும் நிரம்பும். ஒன்று புத்தகத்தோடு நிற்கும். கிழித்த இன்னொன்று போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

‘இதுல அவரு எழுதாம நமக்குச் சீட்டு வராது. நமக்குச் சீட்டு வந்தா அங்கயும் எழுதியிருக்கும்’ என்றார் அப்பா. மென்பொருள் படிக்காத ஆள் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

கோவைப் பிள்ளைகளிடம் நான் சொன்னதும் இந்த ஒன்றுதான். கட்டுக்குள் இருந்துகொண்டு யாருக்கும் செய்தி அனுப்பாதீர்கள். ‘இந்தச் செய்தி அனுப்பப்பட வேண்டும்’ என்று அதே கணக்குப் புத்தகத்தில், அதே கட்டுக்குள் ஒரு வரி எழுதுங்கள். அதற்கென்று தனியாக ஒரு பட்டியல். தொழிலில் அதற்கு ‘அவுட்பாக்ஸ்’ என்று பெயர். தபாலில் சேர்க்க வேண்டிய கடிதங்களைப் போட்டுவைக்கும் பெட்டி. எடை எழுதுவதும் பெட்டியில் கடிதம் போடுவதும் ஒரே கார்பன் எழுத்து. கமிட் ஆனால் இரண்டும் இருக்கும். அழிந்தால் இரண்டும் அழியும். எடை இல்லாமல் கடிதம் இருக்க வழியில்லை; கடிதம் இல்லாமல் எடை இருக்கவும் வழியில்லை. பதிலுக்காக யாரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் இல்லை.

பிறகு தபால்காரர் மாதிரி ஒரு சின்ன மென்பொருள். இரண்டு நொடிக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்கும். அனுப்பாத கடிதம் இருந்தால் அனுப்பும். ‘போனது’ என்று குறித்துக்கொள்ளும். எஸ்.எம்.எஸ். கம்பெனி இருபது நிமிடம் படுத்துவிட்டால் கடிதங்கள் பெட்டியில் கிடக்கும். எழுந்ததும் போகும். தபால்காரரே மயங்கி விழுந்து எழுந்தாலும், பெட்டியைத் திறந்தால் பாக்கி என்ன என்று தெரியும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, ‘போனது’ என்று குறிப்பதற்குள் மயங்கினால்? எழுந்ததும் அதே கடிதத்தை மறுபடி கொடுப்பார். தளபதிக் கதையின் மீதி இதுதான். ஒருமுறைகூடப் போகாமல் இருக்கும் ஆபத்தையும், இரண்டு முறை போகும் ஆபத்தையும் சேர்த்து ஒழிக்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொழுந்து விஷயத்தில் இரண்டு முறை போவதே மேல். அதற்குத்தான் மூலையில் வரிசை எண். வாங்குபவர் எண்ணைப் பார்த்து, ‘இது ஏற்கெனவே வந்ததுதான்’ என்று இரண்டாவதைத் தள்ளிவிட வேண்டும். லாரி மென்பொருளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். எஸ்.எம்.எஸ்.ஸின் கடைசியிலும் பில் எண் சேர்த்தார்கள்.

அதோடு, பெட்டியில் பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு கடிதம் கிடந்தால் யாராவது ஒருவரின் போன் அடிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். பல இடங்களில் பெட்டியை வைத்துவிட்டு, அது நிரம்பி வழிவதைப் பார்க்க ஆள் வைக்க மறந்துவிடுவார்கள். அழகான தபால் பெட்டி. கடிதம் எடுக்கத்தான் ஒருவரும் வருவதில்லை.

எல்லோரையும் ஒரே நேரத்தில் சம்மதிக்க வைத்து ஒன்றாக கமிட் செய்யும் முறை இல்லையா என்று விவரமானவர்கள் கேட்கலாம். இருக்கிறது. ஒருவர் நடுவில் நின்று, ‘நீ தயாரா, நீ தயாரா’ என்று எல்லோரையும் கேட்டு, அத்தனை பேரும் தலையாட்டிய பிறகு ‘கெட்டிமேளம்’ என்று சொல்வார். ஒரே நிறுவனத்துக்குள் இது நடக்கும். ஆனால் அந்த நடுவர் பாதியில் காணாமல் போனால், தலையாட்டியவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எஸ்.எம்.எஸ். கம்பெனியோ நம் முகூர்த்தத்துக்காக நிற்கப்போவதில்லை. எங்கள் ஊர் ஷெட்டுக்குக் கார்பன் தாளே போதும்.

வங்கிப் பணத்தில் இப்படி நடந்தால் நமக்கு ஒரு பிடி இருக்கிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், அன்றிலிருந்து 5 நாளுக்குள் திரும்ப வரவு வைக்க வேண்டும். யு.பி.ஐ.யில் ஒருவருக்கு அனுப்பிய பணம் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள். கடைக்குச் செலுத்தியதில் உறுதி வராமல் நின்றுவிட்டால் 5 நாளுக்குள். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நாம் புகார் கொடுக்கும்வரை காத்திருக்காமல் அவர்களாகவே தர வேண்டும். ஆகவே டீக்கடைப் பெட்டி பேசவில்லை என்றால் பதறி இரண்டாம் முறை போடாதீர்கள். உங்கள் போனில் அந்தப் பரிமாற்றத்துக்கு 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதுதான் உங்கள் பில் எண். அதைக் குறித்துக்கொண்டு, கடைக்காரரின் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: ‘உங்கள் கணக்கில் ஐயாயிரம் வரவு’ என்று ஒரு போலி எஸ்.எம்.எஸ். அனுப்பிவிட்டு, ‘தவறி வந்துடுச்சு, திருப்பி அனுப்புங்க’ என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வந்த செய்தியைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். கணக்கு இருப்பைப் பாருங்கள்.

கொழுந்துக்கு நாளுக்கு 100 ரூபாய் உத்தரவெல்லாம் கிடையாது. ஷெட்டுக்காரரிடம் கேட்கலாம், ஆபீஸில் கேட்கலாம், அவ்வளவுதான். மென்பொருளில் இரண்டு வரி முன்பின்னாக இருந்தால், எழுதியவருக்கு ஒரு மீட்டிங் கூடும். திரையின் இந்தப் பக்கம் இருப்பவர்தான், ‘எடுத்துட்டுப் போயிட்டீங்களோ’ என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். வேலையில் அவசரமாக எதையாவது எழுதும்போது இப்போதெல்லாம் எனக்கு அந்த ஆபீஸ் கவுன்டர் நினைவுக்கு வருகிறது. அங்கே நிற்பவர் கையில் இருப்பது ஒரு பழைய பட்டன் போன்.

ஃபேக்டரி நியாயமாகத்தான் நடந்துகொண்டது. எஸ்.எம்.எஸ். காட்டியவர்களுக்கெல்லாம் அடுத்த மாதக் கணக்கில் ‘பாக்கி’ என்று எழுதிப் பணம் கொடுத்துவிட்டார்கள். பெரியம்மாவுக்கு 108 கிலோவுக்கும் வந்தது. அவர் போனில் எதையும் அழிக்கத் தெரியாது. அதனால் மூன்று எஸ்.எம்.எஸ்.ஸும் பத்திரமாக இருந்தன. கீழ்த்தெருவில் ஒருவர், போனில் இடமில்லை என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டிருந்தார். அவருக்கு எவ்வளவு போயிற்று என்று அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஷெட் தம்பி தன் நினைவிலிருந்து சொன்ன இரண்டு நாள் எடைக்கு மட்டும் கொடுத்தார்கள். எடை போட்டதும் கையால் எழுதிய சீட்டு ஒன்றும் கொடுக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். இப்போது ஷெட்டில் ஆப்பும் இருக்கிறது, கார்பன் புத்தகமும் இருக்கிறது. கோவைப் பிள்ளைகளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லை.

போன மாதம் ஒரு ராத்திரி எட்டு மணிக்குப் பெரியம்மா கூப்பிட்டார்.

‘கண்ணு, ஒரே மெசேஜு ரெண்டு தரம் வந்திருக்குதாம். பேரன் படிச்சான். முப்பத்தாறு கிலோ, முப்பத்தாறு கிலோன்னு.’

‘கடைசில நம்பர் இருக்கும் பெரியம்மா. ரெண்டுலயும் ஒண்ணா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.’

பேரன் படித்தான். ஒரே எண்தான்.

‘அப்ப ஒருக்காத்தான் கணக்குங்க பெரியம்மா. தப்பில்ல, தபால்காரர் ரெண்டு தரம் கதவத் தட்டியிருக்கார்.’

‘அப்ப காசும் ரெண்டு தரம் வராதா?’

‘வராதுங்க.’

‘அது சரி’ என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘எங்கூட்ல இருக்கற சீட்டுலயும் அதே நம்பர்தான் போட்டிருக்குது. பாத்துட்டுத்தான் உனக்கு போன் பண்ணேன்’ என்றார்.